வால்பாறைக்குப் பார்ட்டி ஏற்றி வரும் ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், பொள்ளாச்சி, பாலக்காடு பக்கமிருந்து காரிலும் வேனிலும் டெம்போ டிராவலரிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்கள் மலைக்கு வரும் ஓட்டுநர் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வால்பாறையிலிருந்து வணக்கம்.

இதைச் சுற்றுலாப் பயணிகளுக்கு எழுத வேண்டியதுதானே, எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். குரங்குக்கு சிப்ஸ் போடுவது அவர்கள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூச்சல் போடுவது அவர்கள். பாட்டிலைத் தேயிலைக்குள் வீசுவதும் அவர்கள்தான். சரி. ஆனால் அவர்களில் பாதிப்பேர் இந்த மலைக்கு மறுபடியும் வரப்போவதில்லை. நீங்கள் வாரா வாரம் வருகிறீர்கள், சீசனில் தினமும் வருகிறீர்கள். வண்டி எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதெல்லாம் உங்கள் காலில் இருக்கிறது.

டாப்சிலிப்பில் இந்தப் பிரச்சினை குறைவு. அங்கே காட்டுக்குள் போக வேண்டுமென்றால் வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும், அவர்கள் சொல்கிற இடத்தில்தான் இறங்க வேண்டும். வால்பாறை ரோடு பொது ரோடு. 2007இல் ஆனைமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோதும் இந்த ரோடு அதன் நடுவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆழியார் செக்போஸ்ட்டில் டிக்கெட் போட்டு, பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிட்டால், அப்புறம் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிக்குள் சொல்வதற்கு உரிமையுள்ள ஒரே ஆள் நீங்கள்தான். 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. அது எத்தனை வண்டி மேலே வருகிறது என்று எண்ணிச் சொல்லும். 9வது வளைவில் அந்த வண்டி என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது.

9வது வளைவிலிருந்தே தொடங்குகிறேன். லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே ஆழியார் அணை தெரிகிறதோ இல்லையோ, சுவர் மேல் வரையாடு நிற்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழ்நாடு, கேரளம் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஆடு. இதற்காகவே அரசு தனித் திட்டம் போட்டு, 2024இல் கணக்கெடுத்தபோது தமிழ்நாடு முழுக்கவே 1,031தான் இருந்தது. மூணாறு பக்கம் இரவிகுளத்தில் இது குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். அதே ஆட்டுக்கு இங்கே முறுக்கும் பிஸ்கட்டும் கையில் வைத்து ஊட்டுகிறோம். பாறைச் சரிவில் புல் மேய வேண்டியது, உப்புக்கும் தீனிக்கும் பழகி டயர் பக்கத்தில் வந்து நிற்கிறது. வளைவில் மேலேயிருந்து இறங்கி வரும் லாரிக்கு அது கண்ணில் படும்போது பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.

போட்டோ எடுக்க நிறுத்தாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நீங்களும் நிறுத்தாமல் போக முடியாது, பார்ட்டி விடாது. நிறுத்துங்கள், ஆனால் தின்பண்டப் பையை வண்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். ஆழியாரில் வண்டி ஏறுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பேசினால் போதும்: “மேலே போகும்போது எந்த மிருகத்துக்கும் தீனி போடக் கூடாது, போட்டால் ஃபைன் எனக்கு.” இந்தக் கடைசி வார்த்தையில் வேலை நடக்கும். ஓட்டுநருக்குத் தண்டம் விழும் என்றால் பெரும்பாலான குடும்பங்கள் கேட்டுக்கொள்வார்கள்.

அது பொய் மிரட்டலும் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 27ஆம் பிரிவில், சரணாலயத்துக்குள் காட்டு விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் குற்றம் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இதுபோன்ற குற்றங்களுக்கு அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம். குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியைப் பிடித்து வைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பார்ட்டி பஸ் ஏறி ஊருக்குப் போய்விடும். வண்டி ரேஞ்ச் ஆபீஸ் வாசலில் நிற்கும்.

தீனி போட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க சத்தியமங்கலம் பக்கம் போனால் போதும். ஆசனூருக்குப் பக்கத்தில் காரப்பள்ளம் செக்போஸ்ட் வழியில் கரும்பு லாரிகள் போகின்றன. சும்மா ரெண்டு கட்டு தூக்கிப் போட்டதில் ஆரம்பித்து, இப்போது யானைகள் லாரியை மறித்து நிறுத்திக் கரும்பை உருவுகின்றன. குட்டிகளும் தாயிடம் அதையே கற்றுக்கொண்டு வளர்கின்றன. கரும்பு இல்லாத வண்டி எது, இருக்கிற வண்டி எது என்று யானை பார்ப்பதில்லை. நடுவில் மாட்டிக்கொள்வது பைக்கில் போகிறவனும் பஸ்ஸில் போகிறவனும்.

அப்புறம் புதுத்தோட்டம். பொள்ளாச்சியிலிருந்து வரும்போது வால்பாறை டவுனுக்குச் சற்று முன்னால், ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள் அடர்ந்திருக்கும் அந்த இடம். ஒரு சதுர கிலோமீட்டர் கூடத் தேறாத துண்டுக்காடு. அதில்தான் சிங்கவால் குரங்குக் கூட்டம் இருக்கிறது. மழைக்காட்டில் மர உச்சியிலேயே வெடிப்பலாவும் பூச்சியும் தின்று வாழ வேண்டிய குரங்கு அது. சுற்றிலும் தேயிலை வந்து, காடு துண்டாகி, மரத்துக்கு மரம் தாவ வழியில்லாமல் ரோட்டில் இறங்குகிறது. ரோட்டுக்கு மேலே பழைய தீயணைப்புக் குழாயால் கட்டிய பாலங்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். விளம்பரத் தட்டி கட்டிய கயிறு என்று நினைத்தவர்களும் உண்டு. அவை குரங்கு ரோட்டைக் கடப்பதற்காகக் கட்டியவை. இங்கே வேலை செய்யும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் மரங்களுக்கு இடையில் கட்டினார்கள்; குரங்குகளும் பயன்படுத்துகின்றன. ஆனால் கீழே ஒருவன் வாழைப்பழத்தைக் காட்டினால் மேலே பாலத்தில் போய்க்கொண்டிருக்கிற குரங்கும் கீழே இறங்கிவிடும். இறங்கிய குரங்கில் சில டயரில் போயிருக்கின்றன. அந்த இடத்தில் மட்டுமாவது 20க்கு மேல் ஓட்டாதீர்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடித்துக்கொண்டு போகட்டும்.

யானை விஷயத்துக்கு வருகிறேன். சுமார் 220 சதுர கிலோமீட்டர் உள்ள இந்த மேட்டு நிலத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் காடு. 1890களில் எஸ்டேட் போடத் தொடங்கினார்கள். அதற்கு முன்பிருந்தே யானை போய் வந்த வழியில்தான் இன்று தேயிலையும் தொழிலாளர்களின் லயன் வீடுகளும் ரேஷன் கடையும் இருக்கின்றன. ஆகவே யானை வருவது எங்களுக்குச் செய்தி இல்லை. எங்கே நிற்கிறது என்பதுதான் செய்தி. அதைத் தெரியப்படுத்தத்தான் ஒரு காலத்தில் லோக்கல் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள், 2011 முதல் எஸ்எம்எஸ் வருகிறது, அங்கங்கே கம்பத்தில் சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர் செல்போனிலிருந்தே அந்த விளக்கை எரியவிடுவார். இந்த ஏற்பாட்டுக்காக அதை நடத்திய ஆனந்தகுமார் என்ற ஆய்வாளருக்கு 2015இல் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. உங்களில் எத்தனை பேருக்கு அந்த சிவப்பு விளக்கு தெரியும்? இருட்டிய பிறகு எஸ்டேட் ரோட்டில் மேடான இடத்தில் சிவப்பாக மின்னினால் அது டவர் லைட் அல்ல. பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறையுங்கள், எதிரில் வரும் உள்ளூர் வண்டியை நிறுத்திக் கேளுங்கள். இதையெல்லாம் செக்போஸ்ட்டிலேயே ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கொடுக்கலாம். வனத்துறைக்கு அது பெரிய செலவில்லை. கொடுக்காதவரைக்கும் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

2025 பிப்ரவரியில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பொள்ளாச்சி ரோட்டில் டைகர் வேலி பக்கம் சாயங்கால நேரத்தில் யானை ரோட்டில் நின்றது. இரண்டு பக்கமும் வண்டிகள் ஒழுங்காக நின்றிருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த வயதான பயணி ஒருவர் பைக்கில் நின்ற வண்டிகளைத் தாண்டி யானையைக் கடந்துவிடலாம் என்று போனார். யானை தூக்கி எறிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பந்திப்பூரில் ஒருவர் செல்பி எடுக்கப் போய் யானையிடம் மிதிபட்டு, உயிர் தப்பி, 25,000 ரூபாய் அபராதமும் கட்டினார். இரண்டு இடத்திலும் யானை தேடிப் போய் யாரையும் அடிக்கவில்லை. அது போக இடம் கொடுத்து மற்றவர்கள் நின்றிருந்தார்கள், ஒருவருக்குத்தான் பொறுக்கவில்லை.

எதிர் உதாரணமும் இந்த மலையிலேயே இருக்கிறது. 2022 நவம்பரில் சாலக்குடியிலிருந்து வால்பாறைக்கு வரும் தனியார் பஸ்ஸை, கபாலி என்று பெயர் வாங்கிய கொம்பன் யானை மறித்தது. அம்பலப்பாறையிலிருந்து ஆனக்கயம் வரை சுமார் 8 கிலோமீட்டர், பஸ் நிறையப் பயணிகளோடு, காட்டு ரோட்டில், ரிவர்ஸிலேயே ஓட்டினார் அந்த ஓட்டுநர். யானையும் பஸ்ஸைத் தொடர்ந்து நடந்து வந்தது. கடைசியில் அதுவாகவே காட்டுக்குள் ஒதுங்கியது. ஹாரன் அடிக்கவோ, வேகமாக உறுமிப் பயமுறுத்தவோ அவர் போகவில்லை. ஒருவருக்கும் கீறல் கூட இல்லை. இந்த மலையில் ஓட்டுநர் என்றால் எனக்கு அவர்தான் ஓட்டுநர்.

எல்லாரும் 8 கிலோமீட்டர் ரிவர்ஸ் போக வேண்டாம். ஆனால் ரிவர்ஸ் போகிற வழியையாவது விட்டு வையுங்கள். முன்னால் யானை நிற்கும்போது நாலைந்து வண்டிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக ஒட்டி நின்றுகொள்கின்றன. முன்வண்டியை யானை நெருங்கினால் அவன் எங்கே போவான்? வளைவுக்கு மேல் வளைவாக இருக்கிற ரோட்டில், வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே ரெண்டு பஸ் நீளமாவது விட்டு நில்லுங்கள். பின்னால் வருகிறவனுக்குக் கை காட்டி நிறுத்துங்கள். ஹை பீமைத் தணித்துவிடுங்கள். ஹாரன் வேண்டவே வேண்டாம். என்ஜினை உறுமவிடாமல் சும்மா ஓடவிட்டு, ரிவர்ஸ் கியர் போடத் தயாராக இருங்கள். கதவைத் திறந்து யாரும் இறங்கக் கூடாது. குட்டி ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமும் நின்றால் நடுவில் வண்டியை விடவே விடாதீர்கள், குட்டி கடந்துவிட்டதே என்று கிளம்பவும் கிளம்பாதீர்கள், பின்னால் இன்னும் ரெண்டு மூன்று வரும். காதை விரித்து, தலையைத் தூக்கி, அசையாமல் உங்களையே பார்த்தால் ஏற்கெனவே ரொம்பக் கிட்டப் போய்விட்டீர்கள். கன்னத்தில் மதநீர் வழிகிற, தனியாகத் திரியும் கொம்பன் என்றால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். அரை மணி நேரம் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். பார்ட்டி முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

இன்னொன்று, இது கொஞ்சம் உரிமையோடு சொல்வது. உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் “சிறுகுன்றா பக்கம் யானை நிக்குது” என்று ஒருவர் போட்டவுடன் என்ன நடக்கிறது? ஒதுங்கிப் போக வேண்டிய தகவல் அது. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பார்ட்டிக்கு யானை காட்டினால் இருநூறு முந்நூறு சேர்த்துக் கிடைக்கும், கூகுளில் ஐந்து நட்சத்திரமும் கிடைக்கும் என்பது புரிகிறது. ஆனால் மாலையில் அந்த ரோட்டில்தான் கொழுந்து எடுத்து முடித்த பெண்கள் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். பத்து வண்டி சூழ்ந்து விரட்டிய யானை, வண்டிகள் போன பிறகு அவர்களுக்கு எதிரே வந்து நிற்கும். நீங்கள் அப்போது அட்டகட்டியில் டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

தேயிலைக்குள் இறங்கி போட்டோ எடுப்பதும் அப்படித்தான். பச்சைப் பசேல் என்று இருக்கிறதே, என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். இடுப்பு உயரச் செடிக்கு அடியில் பகலில் சிறுத்தை படுத்திருக்கலாம், கரடி இருக்கலாம், காட்டுமாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கலாம். எங்கள் தொழிலாளர்கள் கூட ஆள் ஆளாய்ச் சத்தம் கொடுத்துக்கொண்டுதான் செடிக்குள் இறங்குவார்கள். 2025 ஜூனில் பச்சைமலை எஸ்டேட்டில், வடக்கிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தின் சின்னப் பெண் குழந்தையை வீட்டுப் பக்கத்திலிருந்தே சிறுத்தை இழுத்துப் போனது. இதற்குச் சுற்றுலாக்காரர் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போகும் பிரியாணி மிச்சத்துக்கும் எலும்புக்கும் தெருநாய் சேரும், காட்டுப்பன்றி சேரும், நாய்க்குப் பின்னால் சிறுத்தை வரும். அது லயன் வீட்டு வாசலில் வந்து முடியும். ஒரு சாக்குப் பையை வண்டியில் போட்டு வைத்து, மிச்சத்தைப் பொள்ளாச்சியில் கொட்டினால் போதும்.

பாட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். நீலகிரியில் யானைக் காலில் உடைந்த கண்ணாடி ஏறுகிறது என்ற காரணத்தால்தான் உயர் நீதிமன்றம் சொல்லி, 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. யானை உள்ளங்காலில் காயம் பட்டால் எளிதில் ஆறாது. அவ்வளவு எடையையும் அந்தக் கால்தான் தாங்க வேண்டும். குடிக்கிற பார்ட்டியை ஏற்றாதீர்கள் என்று சொன்னால் நடக்காது. பாட்டிலை எண்ணி ஏற்றுங்கள், எண்ணி இறக்குங்கள்.

ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூழாங்கல் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துவிட்டு எல்லா ஆறும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். 2023 அக்டோபரில் கோவைக் கல்லூரி மாணவர்கள் 5 பேர் சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆற்றில் இறங்கி ஒரே நாளில் இறந்தார்கள். மேலே சின்னக்கல்லாறில் மழை அடித்தால் கீழே வெயில் காயும்போதே தண்ணீர் ஏறிவிடும். உள்ளூர் ஆள் குளிக்காத இடத்தில் வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனால் இதில் பெரும்பாலானதற்கு மூல காரணம் நீங்கள் இல்லை என்பதும் தெரியும். உங்களை அனுப்புகிற டிராவல்ஸ் முதலாளிகளும் இதைப் படிக்கட்டும். காலை 6 மணிக்குக் கோவையில் ஏற்றி, ஆழியார், குரங்கருவி, வால்பாறை, சோலையாறு அணை, நல்லமுடி பூஞ்சோலை, முடிந்தால் மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி என்று ஒரே நாளில் போட்டுக் கொடுக்கிறீர்களே, அந்த அட்டவணையை ஒருமுறை நீங்களே ஓட்டிப் பாருங்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு மட்டும் 64 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி மலை ரோடு. எங்கேயாவது ஒரு டயர் பஞ்சர், ஒரு பிள்ளைக்கு வாந்தி என்றால் இறங்கும்போது இருட்டிவிடும். இருட்டிய பிறகு பனி. பனிக்குள் காட்டுமாடு. அதன் கருப்பு உடம்பு இருட்டோடு போய்விடும், முழங்காலுக்குக் கீழே இருக்கிற வெள்ளை மட்டும் லைட்டில் படும், அதுவும் ரொம்பக் கிட்டத்தில். மழைக்காலத்தில் தவளையும் பாம்பும் ரோட்டுக்கு வரும், நசுங்கியதைக் காலையில் தேயிலைக்குப் போகிறவர்கள் பார்ப்பார்கள். ஓட்டுநரும் பதினாலு மணி நேரம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஓட்டுநரிடம் யானைக்கு மரியாதை கொடு என்று சொல்லிப் பயனில்லை.

ஆகவே ஓட்டுநர்களிடம் நான் உறுதியாகக் கேட்பது நேரத்தை. அடுத்த டிரிப் ஷீட் கையில் வந்ததும் வால்பாறையிலிருந்து கிளம்பும் நேரம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மாலை 3 மணிக்கு மேல் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். முதலாளி முறைத்தால், அதிரப்பள்ளியை வெட்டிவிட்டு இங்கேயே ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி போடச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் பேட்டா கூடக் கிடைக்கும், எங்கள் ஊர் லாட்ஜும் மெஸ்ஸும் நடக்கும். பார்ட்டியிடம் பேசுவது உங்களுக்குக் கைவந்த கலை, அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கம் வைத்திருக்கிற ஊர்களில் இதைக் கூட்டத்தில் எடுத்துப் பேசி, இருட்டிய பிறகு மலை இறக்கம் இல்லை என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டால், தனியாக ஒரு ஓட்டுநர் சொல்லி டிரிப்பை இழக்க வேண்டிய நிலை வராது.

இப்படிக்கு,
வால்பாறைக்காரன் ஒருவன்